அலைவரிசையில் வராத சமையல்

சமையற்கலைஞர் சஞ்சீவ் கபூர் 2011-இல் 'ஃபுட் ஃபுட்' என்ற சமையல் அலைவரிசையைத் தொடங்கினார். டாலிகஞ்சில் எங்கள் வீட்டில் அதற்கு முதல் ரசிகை என் மகள்தான். தீவில் வளர்ந்தவள், இந்தி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒருநாள் காளான், பாலாடைக்கட்டி என்று பெரிய பட்டியலோடு வந்து நின்றாள். அந்த வாரமோ சென்னைக் கப்பல் தாமதம். கடையில் தக்காளிகூட இல்லை. என் தாயார் சிரித்துக்கொண்டே, புளியைக் கூடக் கரைத்து, தேங்காய் அரைத்து விட்டு, தக்காளியில்லாமலே சூரைமீன் குழம்பு வைத்தார். மகள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

கப்பல் வராத நாட்களில் தீவுத் தமிழ்க் குடும்பங்கள் சமைத்த விதத்தை எந்த அலைவரிசையில் பார்ப்பது? அம்மாவுக்கு இப்போது 78 வயது. அவர் சொல்லச் சொல்ல, மகள் தமிழில் எழுதிவருகிறாள். எழுத்துப் பிழைகள் உண்டு, அதனாலென்ன? உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இன்றே கேட்டு எழுதி வையுங்களேன்!