பழியும் கணக்கும்: த்ரூஃபோவின் 'கறுப்புடையில் மணமகள்'

துப்பறியும் புனைவின் மரபான வினா 'கொன்றவர் யார்' என்பதாகும். பிரான்சுவா த்ரூஃபோவின் இயக்கத்தில் 1968இல் வெளிவந்த 'கறுப்புடையில் மணமகள்' என்னும் பிரெஞ்சுத் திரைப்படம் இவ்வினாவைத் தொடக்கத்திலேயே கைவிடுகிறது. கொல்பவள் ழூலி கோலேர் (நடிப்பு: ழான் மோரோ) என்பதைப் பார்வையாளர் முதற்கொலையிலேயே கண்டுவிடுகின்றனர். ஏன் கொல்கிறாள் என்பதே எஞ்சும் வினா. அதன் விடையும் படத்தின் நடுப்பகுதியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

திருமணம் முடிந்து தேவாலயப் படிகளில் நிற்கையில் ழூலியின் கணவன் குண்டுபட்டு இறக்கிறான். எதிர்க் கட்டடத்து அறையில் கூடியிருந்த ஆடவர் ஐவர் துப்பாக்கியை விளையாட்டாகக் கையாண்டதால் நேர்ந்த விபத்து அது. ஐவரும் உண்மையை மறைத்துக் கலைந்துபோகின்றனர். ழூலி அவர்களை ஒவ்வொருவராகத் தேடிச் செல்கிறாள்.

மூலமான கார்னெல் வூல்ரிச்சின் நாவல் (1940) காரணத்தை இறுதிவரை மறைக்கிறது; அவள் பழிதீர்த்தவர்கள் அக்குற்றத்தைச் செய்தவர்களே அல்லர் என்னும் திருப்பத்துடன் முடிகிறது. த்ரூஃபோ இத்திருப்பத்தை நீக்கினார். இது வெறும் கதைச்சுருக்கம் அன்று. நாவலில் நிகழ்வது ஆளை மாற்றி அறிந்த பிழை. படத்திலோ ஆள் சரியே. குற்றத்தின் அளவும் தண்டனையின் அளவும்தான் பொருந்தவில்லை. நோக்கமின்றி விளைந்த மரணத்திற்கு, நோக்கத்துடன் செய்யப்படும் கொலை ஈடாகுமா என்பதே படம் எழுப்பும் சிக்கல்.

மொரான் என்பவரின் கொலை இச்சிக்கலைக் கூர்மையாக்குகிறது. அவருடைய சிறுமகனின் ஆசிரியை எனப் பொய்கூறி வீட்டினுள் நுழையும் ழூலி, மாடிப்படியின் கீழுள்ள சிற்றறையில் அவரை அடைத்து, கதவிடுக்குகளை ஒட்டி மூடி, மூச்சடைத்துச் சாகவிடுகிறாள். பழி உண்மையான ஆசிரியைமீது விழவே, காவல்துறையினரைத் தொலைபேசியில் அழைத்து அவரை விடுவிக்கச் செய்கிறாள். குற்றமற்றவர் தண்டனை பெறலாகாது என்பதில் அவளுக்கு ஐயமில்லை. தந்தையை இழந்த சிறுவனோ அவளது கணக்கில் இடம்பெறவேயில்லை. படம் இம்முரணைச் சுட்டிக்காட்டாமல் கடந்துசெல்கிறது. அம்மௌனமே இப்பகுதியின் வலிமை.

ஹிட்ச்காக்குடன் த்ரூஃபோ நிகழ்த்திய உரையாடல் நூல் 1966இல் வெளிவந்தது. இப்படத்திற்கு இசையமைத்தவரும் ஹிட்ச்காக்கின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மானே. எனவே இதனை ஹிட்ச்காக் வழிப்பட்ட பயிற்சியாகவே கொள்ளத் தோன்றும். அது பாதி உண்மையே. த்ரூஃபோவின் கவனம் திகிலைவிடக் கொல்லப்படும் ஆடவர்மீதே மிகுதியாகத் தங்குகிறது. தனிமையில் வாடும் கொராலுக்கு அவள் எதிர்பாராது வாய்த்த காதல். ஓவியர் ஃபெர்குஸுக்கு வேட்டைத் தெய்வம் தியானாவாக நிற்கும் மாதிரிப் பெண். அவரவர் காண விரும்பும் பெண்ணாக அவள் மாறுகிறாள்; அவ்விருப்பமே அவர்களை வீழ்த்துகிறது. ஃபெர்குஸ், தாம் ஓவியமாகத் தீட்டிய அம்பினாலேயே இறக்கிறார்.

ஐவருள் தெல்வோ மட்டும், அவள் சுடவிருந்த வேளையில், வேறொரு குற்றத்திற்காகக் கைதாகித் தப்புகிறான். ஃபெர்குஸின் இறுதிச்சடங்கிற்கு வெளிப்படையாகச் சென்று ழூலி பிடிபடுகிறாள். இது மனம் திருந்தியதன் அடையாளம் எனப் பார்வையாளர் எண்ணக்கூடும். சிறையில் உணவு வண்டியைத் தள்ளிச் செல்லும் அவளிடம் கத்தி ஒன்று இருக்கிறது. வண்டி தாழ்வாரத்தின் முனையில் திரும்பி மறைகிறது. ஒளிப்படக்கருவி அதனைப் பின்தொடராமல் நின்றுவிடுகிறது. ஓர் அலறல் கேட்கிறது. அதனையடுத்துத் திருமண இசை ஒலிக்கிறது.