விழுங்கினால் உயரும் பறவை

உண்ணும்போது புரையேறினால், ‘யாரோ நினைக்கிறார்கள்’ என்று கூறித் தலையில் தட்டுவது நம் வழக்கம். பக்கவாதத்திற்குப் பின் நேரும் புரையேறலை அவ்வாறு எளிதாக எண்ணிவிட இயலாது. பக்கவாதம் வந்தவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொடக்க நாள்களில் விழுங்குவதில் இடர்ப்பாடு உண்டாகிறது. உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் நுழைந்தால் நுரையீரல் தொற்று ஏற்படலாம். சிலருக்கு இருமலே வராமல் இது நிகழ்வதால், உடனிருப்போர் அறிவதும் அரிது.

கை கால்களுக்கான பயிற்சியில் முன்னேற்றத்தைக் கண்ணால் காணலாம். விழுங்குதலோ தொண்டைக்குள் நொடிப்பொழுதில் நிகழ்ந்து முடிவது. ‘இன்னும் வலுவாக விழுங்குங்கள்’ என்று சிகிச்சையாளர் கூறும்போது, தாம் செய்தது போதுமா என்பது நோயாளருக்கே விளங்குவதில்லை. இங்கேதான் விளையாட்டு வழிப் பயிற்சி துணைபுரிகிறது.

இப்பயிற்சியில் மோவாயின் அடியில் சிறு மின்வாய்கள் ஒட்டப்படுகின்றன. இவை உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. தசைகள் சுருங்கும்போது எழும் நுண்ணிய மின்குறிப்புகளை மட்டுமே பதிவு செய்கின்றன. கணினி அவற்றைத் திரையில் அசைவாக மாற்றுகிறது. வலுவாக விழுங்கினால், எடுத்துக்காட்டாக, ஒரு பறவை உயரப் பறக்கும். குரல்வளையை ஓரிரு நொடிகள் மேலேயே நிறுத்திப் பிடிக்கும் ‘மெண்டல்சன்’ முறையில், அப்பறவையைக் கீழிறங்காமல் வைத்திருப்பதே இலக்கு. அவரவர் ஆற்றலுக்கேற்ப இலக்கின் உயரத்தைச் சிகிச்சையாளர் அமைப்பார். பலமுறை செய்யவேண்டிய பயிற்சி இதனால் சலிப்பின்றி நடைபெறும்.

எனினும், உறவினர்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இக்கருவி அளப்பது தசையின் முயற்சியை மட்டுமே. உணவு சரியான வழியில் சென்றதா என்பதை அன்று. பேசினாலும் பல்லைக் கடித்தாலும்கூடப் பறவை உயரக்கூடும். ஆகவே, ‘இன்று நன்றாக விளையாடினாரே, ஒரு வாய் காபிதானே!’ என்று கொடுத்துவிடாதீர்கள். எதை, எந்தப் பதத்தில், எவ்வளவு உண்ணலாம் என்பதைச் சிகிச்சையாளர் நேரில் பரிசோதித்தும், தேவையானால் எக்ஸ்-கதிர்க் காணொளி அல்லது அகநோக்கியின் வாயிலாகத் தொண்டையை ஆராய்ந்தும் முடிவு செய்வார்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை பல. நோயாளரின் வாயை நாள்தோறும் தூய்மையாக வைத்திருக்க உதவுங்கள். குரல் களகளத்தாலோ, காய்ச்சலோ மூச்சுத்திணறலோ கண்டாலோ உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள். பறவை தாழ்ந்து பறக்கும் நாளில் கடிந்துகொள்ளாதீர்கள். களைப்பும் அதற்குக் காரணமாகலாம். சற்று ஓய்வளித்து, மீண்டும் முயலச் செய்யுங்கள்.