உங்களுக்குத் தெரியுமா? நூறு தொட்ட தடுப்பாட்டக்காரர்

கேரளத்தின் பாறசாலையை அடுத்த பொழியூர், சந்தோஷ் டிராபி கால்பந்து வீரர்கள் பலரைத் தந்த கடற்கரை ஊர். அங்கேயும் சரி, எங்கேயும் சரி, கோல் போட்டவர் பெயர்தான் முதலில் வாயில் வரும். ஆனால் இந்தியப் பெண்கள் கால்பந்தில் முதன்முதலாக 100 சர்வதேசப் போட்டிகளை எட்டியவர், கோலைத் தடுப்பவர்: மணிப்பூரின் ஆஷாலதா தேவி. 2024 அக்டோபரில், காத்மாண்டுவில், பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் அந்த நூறு வந்தது.

2019இல் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

கேரளத்துக்கு அவர் அந்நியர் அல்ல. கோகுலம் கேரளா அணியின் தற்காப்பைத் தாங்கியவர். 2022 ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காக அந்த அணி தாஷ்கண்டில் போய் இறங்கிய நேரம் பார்த்து, இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. அதனால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். நிர்வாகக் குளறுபடிக்கு வீராங்கனைகள் விலை கொடுத்தது பெரும் அநியாயம். அடுத்த ஆண்டே, 2023 மே மாதம், இந்திய மகளிர் லீக் இறுதியில் கிக்ஸ்டார்ட் அணியை 5-0 என வென்றது கோகுலம். கோல் அடித்தவர்களில் இருவர் நம் தமிழ்ப் பெண்கள்: சந்தியா ரங்கநாதன், இந்துமதி கதிரேசன்.