பின்தளச் சட்டகமும் தமிழ் எழுத்தும்: ஜாங்கோவை முன்வைத்து

இணையத்தளம் ஒன்றைத் திறக்கும்போது நாம் காண்பது அதன் முன்தளத்தை மட்டுமே. பிரிக்பீல்ட்சில் வாழையிலை உணவகத்தில் அமர்பவர் இலையையும் பரிமாறுபவரையும் காண்கிறார். அடுக்களை அவர் கண்ணில் படுவதில்லை. இணையத்தின் அடுக்களையே பின்தளம். பயனர் கேட்டதைப் பெற்று, தரவுத்தளத்தில் தேடி, கிடைத்ததைப் பக்கமாக்கி அனுப்புவது அதன் வேலை. கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், படிவத்தில் பிழை பார்த்தல், பதிவுகளைச் சேமித்தல், ஒவ்வொரு பக்கத்திற்கும் முகவரி அமைத்தல் ஆகியவை எல்லாத் தளங்களுக்கும் பொதுவானவை. இவற்றை ஒருமுறை செம்மையாக எழுதிவைத்துப் பலரும் எடுத்தாள வழங்குவதைச் சட்டகம் என்கிறோம். கட்டமைப்பு என்று சொல்வாரும் உளர். அச்சொல் சாலை, மின்சாரம் முதலியவற்றுக்கு முன்பே வழங்கிவருவதால் சட்டகம் என்பதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

ஜாங்கோ அத்தகைய சட்டகங்களுள் ஒன்று. அது பிறந்த இடம் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் வெளிவரும் ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்டு’ இதழில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவட்டியும் சைமன் வில்லிசனும் 2003-ஆம் ஆண்டு இதனை உருவாக்கத் தொடங்கினர். 2005 ஜூலையில் பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் பொதுவெளிக்கு வந்தது. ஜாஸ் கிதார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயரைச் சூட்டினர். ஆங்கிலத்தில் இப்பெயரின் முதலெழுத்து ஒலிக்காது; பார்த்து வாசிப்பவர் தடுமாறுவர். ஒலித்தபடியே எழுதும் தமிழில் அத்தொல்லை இல்லை.

செய்தி அறையில் பிறந்தமையே இதன் பரவலுக்கும் ஒரு காரணம். மாலையில் கேட்ட பக்கம் மறுநாள் காலையில் வாசகர்முன் நிற்க வேண்டும். ஆகவே பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் வேண்டிய நிர்வாகப் பக்கத்தை ஜாங்கோ தானாகவே அமைத்துத் தருகிறது. நிரல் அறியாத செய்தியாளரும் அதில் எழுதலாம். பள்ளி நூலகப் பொறுப்பாசிரியருக்கும் இது பொருந்தும். கற்க எளிதான பைத்தான் நிரல்மொழியில் அமைந்திருப்பதும், விளக்க நூல்கள் தெளிவாக இருப்பதும், காசின்றிக் கிடைப்பதும் பிற காரணங்கள். இன்ஸ்டாகிராம் போன்ற பெருந்தளமும் இதன்மேல் எழுந்ததே.

பரவலாக வழங்குவது என்பதனாலேயே ஒரு கருவி நம் மொழிக்குப் பொருந்திவிடுமா? ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் ‘எழுத்து என்றால் என்ன’ என்ற வினாவுக்கு யாரோ முன்பே அளித்த விடை ஒளிந்திருக்கிறது. மொழியியலாருக்கு இங்கேதான் வேலை தொடங்குகிறது.

செய்தித்தாள் உலகில் ஒரு கட்டுரைக்குப் பணியாளர் இடும் குறும்பெயருக்கு ‘ஸ்லக்’ என்று பெயர். ஜாங்கோ அச்சொல்லை எடுத்துக்கொண்டு, தலைப்பிலிருந்து பக்கத்தின் முகவரியை ஆக்கும் ‘ஸ்லகிஃபை’ என்னும் செயற்கூற்றை வைத்திருக்கிறது. இயல்பான நிலையில் அது ஆங்கில எழுத்து, எண், இணைகோடு, அடிக்கோடு ஆகியவற்றையே விட்டுவைக்கும். தமிழ்த் தலைப்பு கொடுத்தால் வெற்றிடமே மிஞ்சும். 2015 இறுதியில் வந்த 1.9 பதிப்பில் பிறமொழி எழுத்துகளையும் அனுமதிக்கும் வழி சேர்க்கப்பட்டது. அவ்வழியைத் திறந்து, நாம் வாழும் ஊரின் பெயரைக் கொடுத்தால் வருவது ‘டஙகல’. தமிழ் என்பது ‘தமழ’ ஆகிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் உதிர்ந்து, அகரமேறிய மெய்கள் மட்டும் நிற்கின்றன.

இது வெறும் அழகுக்குறை அன்று. படம், பாடம், பீடம் என்னும் மூன்றும் ‘படம’ என ஒன்றாகிவிடுகின்றன. கல், கால், கோல் ஆகியவை ‘கல’ ஆகின்றன. வேறுபடுத்தும் ஒலியன்களை மாணவருக்குக் காட்ட வகுப்பறையில் நாம் பயன்படுத்தும் இணைகளையே இக்கருவி வேறுபாடின்றி ஆக்குகிறது. ஓலைச்சுவடியில் புள்ளி இடாது எழுதும் வழக்கம் இருந்தது உண்மை. ஆயினும் கால், கொம்பு முதலியவற்றைச் சுவடி எழுதியோர் விட்டுவிடவில்லை; எகர ஒகரக் குறில் நெடில் மயங்கிய இடத்தையும் வாசிப்பவர் தமிழறிவு ஈடுசெய்தது. இணைய முகவரிக்கு அத்தகைய வாசகர் இல்லை.

காரணம் எளியது. ஒருங்குறியில் ‘க’ எழுத்து என்னும் வகையிலும், அதனோடு சேரும் உயிர்க்குறிகளும் புள்ளியும் குறி என்னும் வேறு வகையிலும் வைக்கப்பட்டுள்ளன. சொல்லில் இடம்பெறத் தக்கது எது என்று தீர்மானிக்கும்போது பைத்தான் எழுத்து வகையையும் எண்களையும் ஏற்று, குறி வகையைத் தள்ளுகிறது. குறிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே ஒருங்குறி அமைப்பின் பரிந்துரை. பைத்தான் அதனைப் பின்பற்றவில்லை. பைத்தானை நம்பிய ஜாங்கோவும் அவ்வழியே செல்கிறது. யாரும் தமிழை வெறுத்துச் செய்ததன்று. உயிர்மெய் என்ற கருத்து அவர்கள் மேசையில் இல்லை, அவ்வளவே.

டெங்கிலில் இருந்து இதனைப் பார்க்கும்போது கவலை கூடுகிறது. பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்கள் புத்ராஜெயாவாக மாறியபோது, அங்கிருந்து பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்குள்ள தாமான் பெர்மாத்தாவில் குடியமர்ந்தன. தோட்டப் பெயர்கள் இன்று நிலத்தில் இல்லை. நினைவிலும் ஆவணத்திலுமே உள்ளன. அவற்றை மின்னாவணமாக்க முன்வரும் மாணவர் ஜாங்கோவை எடுத்தால், பிராங் பெசாரின் முகவரி ‘பரங-பசர’ என்றாகும். அருகிலேயே சைபர்ஜெயா இருந்தும் இந்நிலை.

நீளமும் வரிசையும் இதே வகைச் சிக்கல்கள். டெங்கில் என்பது தமிழ் இலக்கணப்படி நான்கு எழுத்து. ஜாங்கோ அதனை எட்டு என எண்ணும். பெயருக்கு முப்பது எழுத்து என வரம்பிட்டால் இத்தகைய பெயர்களுக்குப் பதினைந்தே கிட்டும். எழுத்தெண்ணின்படி அடுக்கினால் கபிலனுக்குமுன் கனி வந்து நிற்கும். ஒருங்குறியில் னகரம் பகரத்துக்கு முன் இருப்பதே காரணம். 3.2 பதிப்பு முதல் தரவுத்தளத்தின் மொழிசார் வரிசை முறையைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு. தேவை என்று அறிந்தவரே தேர்வர்.

திறமூலம் என்பதன் பயன் இங்கே தெரிகிறது. மூலநிரல் திறந்திருப்பதால் பிழை எவ்வரியில் என்று நாமே காணலாம். தமிழ்க் குறிகளையும் ஏற்கும் செயற்கூற்றை எழுதிப் பயன்படுத்தலாம். முகவரியைச் சரிபார்க்கும் விதியையும் உடன் மாற்ற வேண்டும். இல்லையேல் திருந்திய முகவரியைச் சட்டகமே பிழையென்று திருப்பிவிடும். முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பைத்தான் நிரலகம், ‘தமிழ்’ என்ற சொல்லை த, மி, ழ் என மூன்றாகவே பிரிக்கும். இலக்கணம் அறிந்தோர் நிரலும் எழுதியதால் கிடைத்த பயன் அது.

நிரல் எழுதாத தமிழாசிரியருக்கும் பணி உண்டு. ஜாங்கோவின் நிர்வாகப் பக்கத் தொடர்களைத் தன்னார்வலர் மொழிபெயர்க்கின்றனர். தமிழ்க் கோப்பு உண்டு, முழுமை பெறவில்லை. ஆங்கிலத்தில் ‘சேர்’ என்ற வினைக்குப்பின் ஓர் இடத்தைக் காலியாக விட்டால், எப்பெயரும் மாறாமல் அங்கே வந்து அமரும். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு குறுக்கிடுகிறது: பாடம் பாடத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், நூல் நூலை ஆகும். காலியிடத்தின்பின் வெறும் ‘ஐ’ ஒட்டினால் ‘பாடம்ஐ’ என்று திரையில் தோன்றும். எழுவாய் வடிவிலேயே பெயர் நிற்கும்படி ‘புதிய பதிவு: பாடம்’ எனத் தொடரை மாற்றினால் உருபே தேவைப்படாது. இம்முடிவைச் சாரியை, வேற்றுமைப் புணர்ச்சி கற்பிக்கும் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் எடுப்பார்.