ஆசையும் ஆட்சியும்



மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஒரு பெயர் நீங்குவதும் வேறொரு பெயர் ஏறுவதும் எளிதில் நிகழ்வன அல்ல. உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிடும் பட்டியலின் பதினோராம் பதிப்பை 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் உறுப்பு நாடுகளின் பேரவை ஏற்றுக்கொண்டது; 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. முந்தைய பதிப்பில் 'மிகையான பாலுணர்ச்சி' என்றொரு தலைப்பு இருந்தது. புதிய பதிப்பில் அது இல்லை. 'கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தைக் கோளாறு' என்று தமிழில் சொல்லத்தக்க வேறொரு பெயரைக் காண்கிறோம். மிகுதி என்னும் கருத்து போய், கட்டு என்னும் கருத்து வந்திருக்கிறது. இம்மாற்றத்திற்குப் பின்னே ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்ட ஆராய்ச்சி நிற்கிறது. அதனையே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல எண்ணுகிறேன்.

இத்தகைய பொருளை மாணவர்களிடம் பேசலாமா என்று பெற்றோர் சிலர் ஐயுறக்கூடும். காமம் என்னும் சொல்லை வள்ளுவர் தம் நூலின் மூன்றாம் பாலுக்கே பெயராக்கி, அதற்கு 25 அதிகாரங்களை ஒதுக்கினார். சொல்லுக்கு இழுக்கு வந்தது பின்னாளில்தான். நாம் பேசாவிடில் மாணவர் கேளாதிருப்பர் என்பதும் இல்லை. பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தினிடம் கேட்பர்.

இத்துறையின் பழைய நூல்களுள் புகழ்பெற்றது 1886இல் வெளிவந்தது. அதனை எழுதியவர் ஆஸ்திரிய நாட்டில் உளநோய்ப் பேராசிரியராக விளங்கிய ரிச்சர்டு ஃபான் கிராஃப்ட்-எபிங் என்பவர். மருத்துவர்களும் நீதிபதிகளும் மட்டுமே படிக்கவேண்டும் என்று கருதிய அவர், நூலின் தலைப்பை இலத்தீனில் வைத்தார். கூசத்தக்க பகுதிகளையும் அம்மொழியிலேயே எழுதினார். ஆயினும் நூல் பலமுறை பதிப்பிக்கப்பட்டது! அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் அவர் கண்டவர்களுள் பலர் நீதிமன்றத்தின் வழியாகவும் மனநோய் விடுதிகளின் வழியாகவும் வந்தவர்கள். சிறைச்சாலையை மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு ஊராரின் இயல்பு இது என்று எழுதினால் எப்படியிருக்கும்? வழக்கத்திற்கு மாறானது யாவும் நோய் என்னும் எண்ணம் அந்நாளைய நூல்களில் ஊறிக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊராரையே கேட்டுப் பார்ப்போம் என்று துணிந்தவர் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்த ஆல்பிரட் கின்சி. அதற்கு முன் குளவிகளை ஆயிரக்கணக்கில் திரட்டி அளந்து ஆராய்ந்தவர் அவர். அதே பொறுமையோடு மனிதரிடம் சென்று, ஆடவர் பற்றி 1948இலும் பெண்டிர் பற்றி 1953இலும் பெருநூல்களை வெளியிட்டார். தாமாக முன்வந்தோரையே மிகுதியும் கேட்டார் என்று புள்ளியியல் அறிஞர்கள் குறை கூறினர், அக்குறை நேர்மையானதே. எனினும் ஓர் உண்மை வெளிப்பட்டது. மனிதருக்கு மனிதர் பாலுணர்ச்சியின் அளவு பெரிதும் வேறுபடுகிறது; இயல்பு இங்கே முடிகிறது, நோய் இங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க இடமே இல்லை.

ஆயினும் கோடு கிழிக்கும் ஆசை எளிதில் விடவில்லை. 1997இல் மார்ட்டின் காஃப்கா என்னும் அமெரிக்க மருத்துவர், வாரத்திற்கு ஏழு என்னும் எண்ணிக்கையை ஓர் அளவுகோலாக முன்மொழிந்தார். ஒருவர் எட்டு இட்டிலி உண்டு நலமாக இருக்கிறார். மற்றொருவருக்கு மூன்றே போதும். எட்டு உண்பவர் நோயாளி ஆவாரா? உண்ணக் கூடாது என்று மருத்துவர் விலக்கிய பின்னும், உண்டு உண்டு உடல் கெட்ட பின்னும், சுவையே தோன்றாத போதும் ஒருவர் கையை நிறுத்த முடியாமல் தவித்தால், அங்கேதான் மருத்துவருக்கு வேலை இருக்கிறது. எண்ணிக்கை நமக்கு இதைச் சொல்லாது.

அதே மருத்துவர் 2010இல் எண்ணிக்கையை விடுத்து வேறு அடையாளங்களைத் தொகுத்து அளித்தார். அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் அதனை ஆராய்ந்தது. எனினும் 2013இல் வெளியிட்ட தன் கையேட்டில் அதற்கு இடம் தரவில்லை. சான்று போதாது என்பது ஒரு காரணம். இயல்பான வேட்கையையும் நோயென்று முத்திரை குத்த அது வழி செய்யும் என்ற அச்சமும் அந்நாளில் எழுந்தது. குற்றம் புரிந்தவர் நீதிமன்றத்தில் அதனையே கேடயமாக ஏந்தக்கூடும் என்றும் சிலர் எச்சரித்தனர். உலக நலவாழ்வு நிறுவனமோ வேறு முடிவிற்கு வந்தது. மதுவைப் போலவும் சூதைப் போலவும் இதுவும் ஓர் அடிமைத்தனமே என்று 1983 முதல் ஒரு கருத்து பரவியிருந்தது. அதனை அந்நிறுவனம் முழுதும் ஏற்கவில்லை. திருடவேண்டும் என்ற உந்துதலை அடக்க இயலாத நோயும், தீ வைக்கும் உந்துதலை அடக்க இயலாத நோயும் அமைந்த வகுப்பிலேயே இதனைச் சேர்த்தது. இது அடிமைத்தனமா, உந்துதலின் பிழையா என்பதில் அறிஞர்களின் வாதம் இன்னும் ஓயவில்லை.

அந்நிறுவனம் கூறும் அடையாளங்களில் எண் ஒன்றே ஒன்றுதான். அதுவும் காலத்தைப் பற்றியது. ஆறு திங்கள் அல்லது அதற்கு மேலும், மீண்டும் மீண்டும் எழும் உந்துதலை அடக்க ஒருவர் தவறிக்கொண்டே இருத்தல் வேண்டும். உடல்நலம், தொழில், குடும்பம் யாவும் பின்னே தள்ளப்பட்டு அதுவே வாழ்வின் நடுவிடத்தைப் பற்றிக்கொள்ளும். விட முயன்று பலமுறை தோற்றிருப்பார். கேடு விளைந்தும், இன்பமே இல்லாதுபோயும் தொடர்வார். இவற்றால் வாழ்வில் பெருந்துன்பமோ பெருங்குலைவோ நேர்ந்திருத்தல் வேண்டும்.

இதனோடு இரண்டு எச்சரிக்கைகளையும் அவ்வறிஞர்கள் சேர்த்திருக்கிறார்கள். இப்பொருளில் மாணவர்களாகிய நீங்கள் நெஞ்சில் நிறுத்தவேண்டியவை அவையே என்பது என் எண்ணம். முதலாவது: தாம் செய்வது அறத்திற்கு மாறானது என்னும் வருத்தம் மட்டுமே ஒருவருக்கு இருக்குமாயின், அவ்வருத்தத்தைக் கொண்டு நோயென்று முடிவு செய்தல் கூடாது. இரண்டாவது: வளரிளம் பருவத்தினரிடையே பரவலாகக் காணப்படும் மிகுந்த பாலியல் ஈடுபாட்டையும் தற்புணர்ச்சிப் பழக்கத்தையும், அவற்றால் அவர் மனம் நொந்தாலும்கூட, இந்நோயின் பெயரால் அழைத்தல் கூடாது.

இவ்வெச்சரிக்கைகள் வெறும் கருணையால் எழுந்தவை அல்ல. ஜோஷுவா கிரப்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் 2015இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆபாசப் படங்கள் பார்ப்போருள், 'நான் இதற்கு அடிமையாகிவிட்டேன்' என்று எண்ணுவோர் யார் என்பது அவர்கள் எழுப்பிய வினா. சமயப்பற்றும், இது ஒழுக்கக்கேடு என்ற உறுதியும் மிக்கவர்களே அவ்வாறு மிகுதியாக எண்ணினர். ஆனால் அவ்வுறுதிக்கும் அவர்கள் பார்க்கும் அளவிற்கும் தொடர்பு காணப்படவில்லை. ஒழுக்க உணர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; வாழ்நாள் முழுதும் அதனைக் கற்பித்தவன் நான். ஆனால் குற்ற உணர்ச்சி வேறு, நோய் வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணும் இளைஞன் போகக்கூடாத இடத்திற்கு மருந்து தேடிப் போவான்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், பெயரிடாமல் வினா எழுதிப் போட ஒரு பெட்டி வைத்திருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் சீட்டுகளுள் பல ஒரே அச்சத்தைத்தான் பலவிதமாக எழுதிக் கேட்டன: விந்து வெளிப்பட்டால் உடல் நலியுமா, நினைவாற்றல் போகுமா, திருமணத்திற்குத் தகுதி இழப்பேனா? இவ்வச்சம் நம் நாட்டு மருத்துவர்களுக்குப் புதிதன்று. 1960இல் உளநோய் மருத்துவர் என். என். விக் இதற்குத் 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். உடலில் ஒரு குறையுமின்றி, தாது அழிகிறது என்னும் நம்பிக்கையாலேயே சோர்வும் உறக்கமின்மையும் கவலையும் கொண்டு வருபவர்கள் இவர்கள். தங்கும் விடுதிகளில் அறையெடுத்துக்கொண்டு 'இளமையில் செய்த தவறுக்கு' மருந்து தருவோர் ஊர் ஊராகப் பிழைப்பது இவ்வச்சத்தைக் கொண்டுதான். விந்து உடல் நாள்தோறும் உண்டாக்குவது. அதன் வெளிப்பாட்டால் மூளையோ எலும்போ கெடுவதில்லை.

இனி, உண்மையில் கட்டிழந்தவர்பால் வருவோம். மன உறுதி இல்லாதவன் என்று அவனைத் தள்ளிவிடலாமா? இதற்கு எதிர்பாராத திசையிலிருந்து விடை வந்தது. பார்க்கின்சன் நோய் என்பது முதியோரைப் பெரிதும் தாக்கும் நடுக்குவாதம். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைவதால் வருவது. டோபமின் செய்யும் வேலையைத் தாமே செய்யும் மருந்துகள் சில இந்நோய்க்குத் தரப்படுகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. அவர்களுள் நூற்றுக்கு 13.6 பேர் சூது, கண்மூடித்தனமாகப் பொருள் வாங்குதல், அளவின்றி உண்ணுதல், பாலியல் நடத்தை ஆகிய நான்கில் ஒன்றிலேனும் கட்டிழந்திருந்தனர். பாலியல் நடத்தையில் மட்டும் கட்டிழந்தோர் நூற்றுக்கு 3.5 பேர். மேற்சொன்ன வகை மருந்து உண்டோரில் இக்கோளாறுகள் நூற்றுக்கு 17.1, உண்ணாதோரில் 6.9. எண்ணிப் பாருங்கள். அறுபது ஆண்டுகள் அடக்கமாக வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்த ஒருவர், ஒரு மாத்திரையின் பின்னே தமக்கே அந்நியராகிவிடுகிறார். மருத்துவர் மருந்தைக் குறைத்தாலோ மாற்றினாலோ, பலர் பழைய நிலைக்குத் திரும்புகின்றனர். உறுதி என்று நாம் புகழ்வதற்கும் மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன்.

இதற்கு அண்டையில் உள்ளது, ஆனால் இதினும் வேறானது, பிறழ்விழைவு. வழக்கமில்லாத பொருளின்மீதோ சூழலின்மீதோ நிலைத்த பாலியல் நாட்டம் என்பது அதன் பொருள். அமெரிக்கக் கையேடு 2013இல் பிறழ்விழைவு வேறு, பிறழ்விழைவுக் கோளாறு வேறு என்று பிரித்தது. நாட்டம் விந்தையானது என்பதாலேயே அது நோயாகிவிடாது. தமக்குத் துன்பமோ பிறருக்குத் தீங்கோ விளைந்தால்தான் கோளாறு. உலக நிறுவனத்தின் பட்டியல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இசைவு என்பதனையே அச்சாணியாக்கியது. குழந்தைகள்மீது நாட்டம், மறைந்திருந்து பார்த்தல், உடலைத் திறந்து காட்டி மிரட்டுதல், நெரிசலில் உராய்தல், பிறரை வற்புறுத்தித் துன்புறுத்துதல் ஆகியவை பட்டியலில் நின்றன. இசையாதவரும் இசைய இயலாதவரும் இவற்றின் இலக்கு. யாரையும் வருத்தாத, தனி விருப்பமாக முன்பு பட்டியலில் இருந்த சில நீங்கின. ஒருபாலீர்ப்பை அமெரிக்கச் சங்கம் 1973இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

நெரிசலில் உராய்தல் என்றேன். நம் நகரப் பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு செய்கிறவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். பெரும்பாலும் வெறும் துணிச்சலே. நோயாளியே ஆயினும் சட்டம் விலகி நிற்காது. பெண்ணை மறைந்து பார்த்தலும் படம் பிடித்தலும் 2013 முதல் நம் நாட்டில் தனிக் குற்றம். குழந்தைகளைக் காக்க 2012இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. நாட்டம் ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது அன்று; செயல் அவர் பொறுப்பு. இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளாத மருத்துவம் இத்துறையில் பயன்படாது.

அவ்வாறு பிடித்துக்கொண்ட மருத்துவத்திற்கு இரு நாடுகளைச் சொல்லலாம். ஜெர்மனியின் பெர்லின் நகரில், சாரிட்டே மருத்துவமனையினர் 2005இல், குழந்தைகள்மீது நாட்டம் உடையோர் தீங்கு செய்யுமுன் தாமே வந்து சிகிச்சை பெறலாம் என்று அழைத்தனர். சுவீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தார், அவ்வாறு தாமே உதவி நாடிவந்த 52 ஆடவருக்கு ஊசி போட்டு ஆராய்ந்தனர். பாதிப்பேருக்கு ஆண் இயக்குநீரைக் குறைக்கும் மருந்து. மற்றவர்க்கு மருந்தற்ற ஊசி. யாருக்கு எது என்பது ஆராய்ந்தவருக்கும் தெரியாது. 2020இல் வெளியான முடிவின்படி, இரண்டு வாரங்களிலேயே மருந்து பெற்றோரிடம் தீங்கிழைக்கும் அபாயக்குறிகள் குறைந்திருந்தன. மருந்து பெற்றவர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் மிகுந்ததால், அணுக்கக் கவனிப்பின்றி இது கூடாது என்பதும் அதே ஆராய்ச்சியால் தெரிந்தது.

கட்டுக்கடங்கா நடத்தைக்கு அத்துணைக் கடுமருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை. அதே சுவீடனில் 137 ஆடவரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2019இல் வெளிவந்தது. ஏழு வாரம் குழுவாக அமர்ந்து, எந்த வேளையில், எந்த மனநிலையில் உந்துதல் எழுகிறது என்று கண்டு, அவ்வேளைக்கு வேறு செயலைப் பழகும் உளவியல் பயிற்சியே அங்குத் தரப்பட்டது. பயிற்சி பெற்றோரிடம், காத்திருந்தோரைக் காட்டிலும் குறிகள் தெளிவாகக் குறைந்தன. பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகள் இன்னும் மிகக் குறைவு. இஃது இத்துறைக்குப் பெருங்குறை.

42 நாடுகளில் 82,243 பேரைக் கேட்டு 2023இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் இக்கோளாற்றின் அபாயத்தில் உள்ளனர் என்கிறது. அவர்களுள் என்றேனும் சிகிச்சை நாடியவர் நூற்றுக்குப் பதினால்வரே. மற்றவரைத் தடுத்து நிறுத்தியது பணமா, நாணமா, மருத்துவர் இன்மையா என்பது நாட்டிற்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை. குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுகிறது என்று தெரிந்தால் அழைக்கவேண்டிய எண் 1098.