பிரித்தானிய இந்திய வெள்ளி நாணயச் சேகரிப்பு

பிரித்தானிய இந்திய வெள்ளி நாணயச் சேகரிப்பு என்பது 1835 ஆம் ஆண்டிலிருந்து 1945 ஆம் ஆண்டு வரை இந்தியாவில் அச்சிடப்பட்ட வெள்ளி ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், இரண்டணா ஆகிய நாணயங்களைத் தேடிச் சேர்த்து, வகைப்படுத்திப் பாதுகாக்கும் பொழுதுபோக்கு ஆகும். நாணயவியலில் புதிதாக ஈடுபடுவோருக்கு இது ஏற்ற தொடக்கமாகக் கருதப்படுகிறது. எடையும் தூய்மையும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டிருந்தமையால், ஒரு சிறு தராசு இருந்தாலே பாதிச் சோதனை முடிந்துவிடும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் போன்ற வானம் பார்த்த பூமியில் வெள்ளி ரூபாய் பணமாக மட்டுமன்றிச் சேமிப்பாகவும் இருந்தது. விளைச்சல் கண்ட ஆண்டில் பெட்டிக்குள் போனது, மழை பொய்த்த ஆண்டில் ஆசாரியின் பட்டறைக்கு வந்தது. 1876-78 ஆம் ஆண்டுகளின் தாதுப் பஞ்சத்தில் சென்னை மாகாண மக்கள் தம்மிடமிருந்த வெள்ளியை விற்று உயிர் பிழைக்க முயன்றனர். இன்றும் பழைய ரூபாய்கள் உருக்கு விலைக்குப் போவதுண்டு. உருகிய நாணயம் எந்த ஆண்டுக்குரியது என்பதைப் பிறகு எவரும் அறிய இயலாது.

வரலாறு

சென்னை மாகாணத்தில் 1818 ஆம் ஆண்டு வரை வராகனே அடிப்படை நாணயமாக இருந்தது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் எனக் கணக்கிடப்பட்டது. அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனி, முகலாயப் பேரரசர் ஆலம்கீரின் பெயரைப் பாரசீக எழுத்தில் தாங்கிய ஆற்காட்டு ரூபாயையும் வெளியிட்டது. 1807 ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அச்சிடப்பட்ட வெள்ளி அரை வராகன், கால் வராகன் நாணயங்களில் கோபுரமும் திருமால் உருவமும் காணப்படுகின்றன. தமிழ், தெலுங்கு எழுத்துகளும் உள்ளன. பின்னர் வந்த வெள்ளி ரூபாய்களில் தமிழ் இடம்பெறவே இல்லை.

1835 ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் கம்பனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம் எடையில் 12 பங்குக்கு 11 பங்கு தூய வெள்ளி இருந்தது. எனவே ஒரு ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, இரண்டணா 1.46 கிராம் எடையுடையவை.

1893 ஆம் ஆண்டில், தனியார் கொணரும் வெள்ளியை நாணயமாக அடித்துத் தரும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. முதல் உலகப் போரின்போது வெள்ளித் தட்டுப்பாடு கடுமையாகி, 1918 ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின்கீழ் ஐக்கிய அமெரிக்கா சுமார் 20 கோடி அவுன்சு வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. இரண்டாம் உலகப் போர் அந்தத் தூய்மைக்கே முடிவு கட்டியது. 1940 ஆம் ஆண்டில் வெள்ளி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 எனக் கலக்கப்பட்டது. பழைய உயர்தர ரூபாய்கள் 1941-43 ஆண்டுகளில் செல்லுபடியிலிருந்து நீக்கப்பட்டன. 1947 ஆம் ஆண்டு ரூபாய் முழு நிக்கல். அதனை வெள்ளி என்று விற்பவர் உண்டு. ஆனால் அது காந்தத்தில் ஒட்டும்.

தொடங்கும் முறை

புதியவர்கள் எல்லா ஆண்டுகளையும் சேர்க்க முற்படுவதைவிட, ஒவ்வொரு வகைக்கும் ஒன்று என்ற முறையில் தொடங்குவது நல்லது. நான்காம் வில்லியம் (1835), விக்டோரியா அரசி (1840, 1862), விக்டோரியா பேரரசி (1877 முதல்), முடிசூடாத தலையுடன் ஏழாம் எட்வர்டு (1903 முதல்), ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என ஏழெட்டு ரூபாய்களில் ஒரு நூற்றாண்டு அடங்கிவிடும். 1912 முதல் 1920 வரையான ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் மிகுதியாகக் கிடைப்பதால் முதல் நாணயமாக அவற்றை வாங்கலாம். கையிருப்பு குறைவானவர்களுக்கு இரண்டணா போதும்.

நாணயத்தில் உள்ள ஆண்டை அப்படியே நம்பலாகாது. 1862 என்று பொறிக்கப்பட்ட ரூபாய்கள் 1874 ஆம் ஆண்டு வரை அதே ஆண்டுடன் அடிக்கப்பட்டன. பின்புறத்திலுள்ள சிறு புள்ளிகளைக் கொண்டே உண்மை ஆண்டு அறியப்படுகிறது. 1840 என்ற ஆண்டுள்ளவற்றில் அரசியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ச்சியாக அமைந்த வகையும், இருபுறமும் பிரிந்த வகையும் உள்ளன. இரண்டாவது வகை பல ஆண்டுகள் பிந்தியது.

1911 ஆம் ஆண்டு ரூபாய் தனிக்கதை உடையது. அரசரின் உடையில் இருந்த யானை உருவம் பன்றிபோல் தோன்றியதாக எதிர்ப்பு எழுந்ததால், அடிக்கப்பட்டவற்றில் சிறு பகுதியே புழக்கத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டில் யானையின் தும்பிக்கை திருத்தி வரையப்பட்டது. 1939 ஆம் ஆண்டு ரூபாய் இதனினும் அரிது. எனவே போலிகளும் அதிலேயே மிகுதி. 1938 இன் கடைசி இலக்கத்தைத் திருத்திய நாணயங்கள் சந்தையில் வருவதால், அனுபவமுள்ளவர் காட்டாத 1939 ஐத் தொடக்கநிலையில் வாங்காதிருப்பதே அறிவுடைமை.

போலிகளை அறிதல்

எடை பார்ப்பது முதற் சோதனை. நெடுநாள் புழங்கிய நாணயம் சற்றுக் குறையலாம். மிகக் குறைந்தாலோ கூடினாலோ ஐயப்பட வேண்டும். வார்ப்புப் போலிகளில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியும், பரப்பில் நுண்குழிகளும், விளிம்பில் ஒட்டுக்கோடும் தெரியும். காந்தத்தில் ஒட்டாததனால் மட்டும் வெள்ளி என்று முடிவு செய்யக்கூடாது. பித்தளையும் ஈயமும் ஒட்டுவதில்லை. பழைய நோட்டக்காரர்கள் சுண்டிப் பார்த்து ஓசையால் அறிந்தனர். மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்து நீக்கப்பட்ட நாணயங்கள் போலியல்ல எனினும் மதிப்புக் குறைந்தவை.

பாதுகாப்பு

விபூதி, புளி, சாம்பல் கொண்டு வெள்ளியைத் துலக்குவது தமிழ் வீடுகளின் வழக்கம். விளக்குக்கு நல்லதான இது நாணயத்துக்குக் கேடு. நாள்பட்ட கருமையுடன் மேற்பரப்பின் நுண்ணிய கோடுகளும் அழிந்து, சேகரிப்போரிடையே விலை பெரிதும் இறங்கிவிடும். நாணயத்தை விளிம்பில் பிடித்தல் வேண்டும். இரப்பர் வளையத்திலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

சட்ட நிலை

கடைக்கால் தோண்டும்போது நாணயக் குடம் கிடைத்தால் அது 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்கு உட்பட்டது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தவர் தம் பங்கை இழப்பார். உரிமை கோருவோர் இல்லாத புதையலில், நில உடைமையாளருடன் உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு என்று இச்சட்டம் கூறுகிறது. நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் ஆதலால், வெளிநாட்டிலுள்ள உறவினர்க்குப் பரிசாகக்கூடத் தனியார் அனுப்ப இயலாது.