மீகாமனும் கடைக் கணக்கும்

நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தா எழுந்து என்னதான்டா பண்றே?" என்று வீட்டில் கேட்டால், "குபெர்னெட்டிஸ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது என்ன என்று நான் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

அது கிரேக்கச் சொல். கப்பலின் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். பழந்தமிழில் அவன் மீகாமன். ஆட்சி செய்வதைக் குறிக்கும் 'கவர்ன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து லத்தீன் வழியாக வந்ததே. கூகுள் நிறுவனம் 2014-இல் இம்மென்பொருளை அறிவித்தது. 2015 ஜூலையில் முதல் முழுப் பதிப்பு வந்தது.

பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்த கூட்டம் 'கிளஸ்டர்'. அதில் ஒவ்வொன்றும் ஒரு 'நோட்'. பில் போடுவது, சரக்கிருப்பு பார்ப்பது போன்ற நிரல்கள் 'பாட்' என்ற உறைக்குள், நெற்றுக்குள் பட்டாணி போல் இருக்கும். "இந்த நிரல் எப்போதும் மூன்று ஓட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ஒன்று விழுந்ததும் மீகாமன் இன்னொன்றை எழுப்பிவிடுவான்.

இந்த நல்ல குணமே சில சமயம் நோயை மறைத்துவிடும். மும்பையில் பாத்திர வியாபாரிக்குத் தன்தேரஸ்தான் பெரிய நாள். ஒரு வருஷம் அன்று மத்தியானம் எங்கள் பில் மென்பொருள் நின்றுவிட்டது. வாசல்வரை கூட்டம். மென்பொருள் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தோம். அவர்கள் பாடை அழித்தார்கள்; புதுசு எழுந்தது; பத்து நிமிஷம் ஓடி மறுபடி விழுந்தது. இரண்டு தடவை இதே கதை. கையால் பில் எழுதினோம்; வந்தவர்களில் பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மூன்றாவது தடவை ஒரு தம்பி போனில் வந்தார். "ஐயா, இனிமே அழிக்க வேண்டாம். முதல்ல படிச்சுப் பார்ப்போம்" என்றார். 'டிஸ்க்ரைப்' என்ற கட்டளையைப் போட்டதும் காரணம் எழுதியே இருந்தது: 'ஓ.ஓ.எம். கில்டு', எண் 137. கொடுத்த நினைவக அளவைத் தாண்டியதால் லினக்ஸ் அந்த நிரலைக் கொன்றிருக்கிறது. கொல்லும் சைகையின் எண் 9; அதோடு 128 சேர்ந்தால் 137. சாதாரண நாளுக்கு வைத்த வரம்பு, திருவிழாக் கூட்டத்துக்குப் போதவில்லை. நோடில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரம்பைக் கூட்டினார். அன்று இரவுவரை நிற்கவில்லை.

அவர் பிறகு சொல்லிக் கொடுத்தது இது. பாடின் நிலையே பாதி விவரம் சொல்லிவிடும். 'பெண்டிங்' என்றால் பெரும்பாலும் எந்த நோடிலும் அதற்கு இடமில்லை. 'இமேஜ் புல் பேக்ஆஃப்' என்றால் நிரலின் பிரதியைக் கொண்டுவர முடியவில்லை. பெயர் தப்பாக இருக்கலாம், அனுமதி இல்லாதிருக்கலாம். 'கிராஷ் லூப் பேக்ஆஃப்' என்றால் எழுந்து எழுந்து விழுகிறது. மீகாமன் 10 விநாடி, 20, 40 என்று இடைவெளியைக் கூட்டி, கடைசியில் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை முயல்வான்.

அடுத்து, 'டிஸ்க்ரைப்' செய்து நடந்தவற்றைப் படிக்க வேண்டும். வழக்கமான அமைப்பில் அந்தக் குறிப்புகள் ஒரு மணி நேரம்தான் நிற்கும். அதன் பிறகு 'லாக்ஸ்'. விழுந்த நிரல் கடைசியாகச் சொன்னதைக் கேட்க 'ப்ரீவியஸ்' என்று சேர்த்துப் போட வேண்டும். பாடையே அழித்துவிட்டால் இந்த வழி அடைபட்டுப் போகும். வேறிடத்தில் சேமித்து வைத்திருந்தால்தான் பிழைத்தோம்.

பேரேட்டில் தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கக் கூடாது என்று என் தகப்பனார் சொல்வார். தப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். திருத்தம் தனி வரியாக வர வேண்டும். அந்தத் தம்பி செய்ததும் அதுதான். அவசரத்தில் அழிக்கிறவனைவிட, ஐந்து நிமிஷம் பொறுத்துப் படிக்கிறவனே கடையைக் காப்பாற்றுகிறான். ராத்திரி ரெண்டு மணிக்கு நம் பிள்ளைகள் எழுந்து செய்வதும் இந்தப் படிப்புத்தான்.